கித்தானில் கடல்

தைல வர்ணத்தில் தீட்டப்பட்ட கடல் என்று சொல்லும்படி தமிழ்நாட்டில் எத்தனை ஓவியங்கள் இருக்கின்றன? சுமார் ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை உள்ள நாடு. கடலோரத்துக்கென்றே நெய்தல் என ஒரு திணையை ஒதுக்கி வைத்த மொழி. கவிதையில் கடல் வேண்டிய மட்டும் இருக்கிறது. சித்திரத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். இதை நண்பர்களிடம் கேட்டால் ஒரு தயாரான பதில் வருகிறது: நம் நவீன ஓவியர்கள் ஐரோப்பிய யதார்த்தத்தை நிராகரித்தவர்கள், கடற்காட்சி அந்த யதார்த்தத்தின் சரக்கு, ஆகவே அதுவும் போயிற்று. எனக்கு இந்தப் பதில் போதவில்லை. ஒன்றை நிராகரிக்க வேண்டுமானால் அது முதலில் கையில் இருக்க வேண்டும். கடலையும் கப்பலையும் எண்ணெய் வர்ணத்தில் எழுதுகிற வித்தை இங்கே கைக்கு வந்து சேரவேயில்லை, வந்ததெல்லாம் அதன் அச்சுப் பிரதிதான் என்பது என் கட்சி. கோயம்புத்தூர்க்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். கடலில்லாத ஊரில் கடல் எழுதக் கற்றவன் என்பதால்தான் விஷயம் என்னை விடாமல் உறுத்துகிறது.

இந்த வித்தை எங்கே, எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் வில்லெம் வான் டி வெல்டெ என்ற பெயரிலேயே தகப்பனும் மகனும் இருந்தார்கள். தகப்பன் சிறு படகொன்றில் கடற்போர் நடக்கிற இடத்துக்கே போய், குண்டு விழுகிற தூரத்தில் உட்கார்ந்து கப்பல்களைக் கோட்டுச் சித்திரமாக எடுப்பவர். மகன் அந்தக் கோடுகளை வைத்து வீட்டில் தைல வர்ணம் தீட்டுவார். 1672-73 குளிர்காலத்தில் இருவரும் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1674இல் இரண்டாம் சார்லஸ் மன்னன் இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுன் சம்பளம் நிர்ணயித்தான். தகப்பனுக்குக் கடற்போர்களைப் படியெடுப்பதற்கு, மகனுக்கு அவற்றை வர்ணத்தில் ஏற்றுவதற்கு என்று வேலையும் சம்பள உத்தரவிலேயே பிரித்துச் சொல்லப்பட்டிருந்தது. ஆங்கிலக் கடல் ஓவியம் முழுவதும் இந்த இரட்டைச் சம்பளத்திலிருந்து கிளம்பியது என்றால் அதிகமில்லை. டர்னர், வான் டி வெல்டெயின் ஓவியத்திலிருந்து எடுத்த ஓர் அச்சுப் படத்தைக் காட்டி, தன்னை ஓவியனாக்கியது இதுதான் என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. புயலில் தன்னைப் பாய்மரத்தில் கட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் நின்றதாகவும் அவர் சொல்லிக்கொண்டார். அதை நம்பாதவர்கள்தான் அதிகம். நம்பாவிட்டாலும் அந்தப் பொய்யில் ஒரு மரியாதை இருக்கிறது. கடலை எழுதுகிறவன் கடலில் நின்றிருக்க வேண்டும் என்று அவருடைய ஊர் எதிர்பார்த்தது, ஆகவே அவர் அப்படிச் சொல்ல நேர்ந்தது.

யார் எதிர்பார்த்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். இந்தப் படங்களை வாங்கியவர்கள் தளபதிகள், கப்பல் முதலாளிகள், மாலுமிகள். எந்தக் கயிறு எந்த மரத்தில் எப்படி முடிச்சிடப்பட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். முடிச்சு தப்பினால் ஓவியனுக்குக் காசு கிடைக்காது. கடலின் மீதான காதல் கடல் ஓவியத்தை உண்டாக்கவில்லை. கப்பலை அறிந்த வாடிக்கையாளன் உண்டாக்கினான். இது கொஞ்சம் வறட்டுப் பேச்சாக இருக்கலாம். ஆனால் ஆசியாவிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சீனத்துக் காண்டன் நகரத்திலும், பிறகு ஹாங்காங்கிலும் சீன ஓவியர்கள் ஐரோப்பியக் கப்பல்களைத் தைல வர்ணத்தில் அச்சு அசலாக எழுதி, கப்பல் தலைவர்களுக்கு விற்றார்கள். எண்ணெய் வர்ணம் அவர்களுக்கும் அந்நியம்தான். ஆனால் தேயிலை வந்து சேரும்வரை கப்பல்கள் வாம்போவாவில் மாதக்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடந்தன. தலைவனுக்குப் பொழுது இருந்தது, பணம் இருந்தது, தன் கப்பலின் படத்தை ஊருக்கு எடுத்துப் போக ஆசை இருந்தது. ஓவியனுக்கு எதிரே அசல் கப்பல் நின்றது.

சென்னையில் என்ன நடந்தது? சென்னைக்குத் துறைமுகமே இல்லை. கப்பல்கள் அலைக்கு அப்பால் திறந்த கடலில் நின்றன. ஆளும் சரக்கும் மசூலாப் படகில், அதாவது ஆணியில்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகில், நுரையில் ஏறி இறங்கிக் கரைக்கு வர வேண்டும். ஐப்பசிப் புயலுக்கு முன் கப்பல்கள் கிளம்பிவிடும். துறைமுக வேலை 1870களின் நடுவில்தான் தொடங்கியது; 1881 புயல் அதையும் உடைத்துப் போட்டது. ஆகவே சென்னைக் கடலை எழுதிய வெள்ளைக்காரர்கள் எழுதியதெல்லாம் அந்தக் கரையிறங்கலைத்தான்: அலை, மசூலா, கட்டுமரம், பயந்துபோன சீமாட்டி. அவை லண்டனில் அச்சாகி லண்டனில் விற்றன. இங்கே கற்றுக்கொள்ள யாருமில்லை, கற்றிருந்தால் வாங்க யாருமில்லை. தொழில்முறை ஆங்கில ஓவியர்களில் முதலில் வந்தவரான டில்லி கெட்டில் 1769இல் சென்னையில் இறங்கினார். ஆற்காட்டு நவாப் முகமது அலி அவரிடம் கேட்டது தன் முகத்தை. நியாயம்தான். நவாபிடம் கடன் இருந்தது, கப்பல் இல்லை.

தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் 1792இல் நம் பக்கம் வந்தார்கள். மைசூர்ப் போரின் சூடு ஆறாத நேரம். ஓசூர், ராயக்கோட்டை என்று பாராமகாலின் மலைக்கோட்டைகளை வரைந்துகொண்டு தெற்கே போனார்கள். வில்லியம் இங்கிலாந்திலிருந்து கிளம்பியபோது பதினாறு வயதுப் பையன். சீனம் வழியாக வந்த அந்த நீண்ட பயணமே அவனுக்குப் பள்ளிக்கூடம். பின்னாளில் 1814 முதல் 1825 வரை பிரிட்டனின் கடற்கரை முழுவதையும் சுற்றி வந்து 308 படங்கள் வெளியிட்டான். அந்தக் கை கொங்கு எல்லையிலே பாறையையும் கோட்டையையும் வரைந்துவிட்டுப் போயிற்று. ஆனால் அது ஒரு வழிப்போக்கனின் கை. யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

கற்றுக்கொடுக்காமல் இருப்பது நம்மவர்களுக்கும் தெரிந்த வித்தைதான். ரவிவர்மாவின் கதை எல்லோரும் அறிந்தது. 1862இல் பதினாலு வயதில் திருவனந்தபுரம் வருகிறார். அரண்மனையில் எண்ணெய் வர்ணம் தெரிந்தவர் மதுரைக்காரரான ராமசாமி நாயக்கர். அவர் சொல்லித்தர மறுக்கிறார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை குருவுக்குத் தெரியாமல் இரவில் வந்து காட்டிக் கொடுக்கிறார். 1868இல் தியோடோர் ஜென்சன் என்ற டேனிஷ் வம்சத்து ஓவியர் வருகிறார். அவரும் கற்பிக்க இசையவில்லை, தீட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதிக்கிறார். இந்தக் கதையை நாம் மேதையின் பெருமைக்காகவே சொல்லி வருகிறோம். எனக்கு அதில் தெரிவது எண்ணெயின் ரகசியம். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் என்று நம் செக்கில் ஆடிய எதுவும் வர்ணத்துக்கு உதவாது, காயாது. ஆளிவிதை எண்ணெய் போன்ற சிலதான் காற்றைக் குடித்துக் கெட்டியாகும். எவ்வளவு எண்ணெய், எவ்வளவு டர்பண்டைன், அடிப்பூச்சு எத்தனை நாள் காய வேண்டும், அதன்மேல் எண்ணெய் கூடின பூச்சை எப்போது போடலாம் என்பதெல்லாம் பார்த்துத் தெரிகிற விஷயமில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் தெரியும். ரவிவர்மா அப்படித்தான் தெரிந்துகொண்டார்.

அந்த ரவிவர்மா கடலையும் எழுதினார். மைசூர் அரண்மனைக்காகத் தன் கடைசிக் காலத்தில், 1906ஐ ஒட்டி, ராமன் கடலை அடக்கும் படத்தை எழுதினார். பாறைமேல் வில்லோடு ராமன், கொந்தளிக்கும் நீர், அதிலிருந்து எழுந்து இறைஞ்சும் வருணன். திருப்புல்லாணிக் கரையில் நடந்ததாக நாம் சொல்லிக்கொள்கிற கதை. அலையை அவர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அது நாடக மேடைக்கு வந்த அலை. கதாநாயகனுக்குப் பின்னால் நிற்கவும், அவன் கோபத்தைக் காட்டவும் அமர்த்தப்பட்ட துணை நடிகன். திருப்புல்லாணியைச் சேர்ந்த சேதுக்கரையில் போய் நின்றால் தெரியும், அங்கே கடல் பெரும்பாலும் தெப்பக்குளம் மாதிரி கிடக்கும். ரவிவர்மாவின் அலை எந்தக் கரையிலும் அடித்ததல்ல, ஐரோப்பிய அச்சுப் படங்களில் அடித்தது. தமிழ்நாட்டின் கடல் ஓவியத்துக்கு அஸ்திவாரம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு நாடகத் திரை, காலண்டர், சினிமா எல்லாவற்றிலும் இந்தத் துணை நடிகனே வேலை பார்த்தான்.

இனிக் கொங்கு நாட்டுக்கு வருகிறேன். இங்கே கடல் இல்லை, ஆனால் கப்பலோடு சம்பந்தம் இரண்டாயிரம் வருஷத்தது. வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் குடம் குடமாக அகப்பட்டன. கொடுமணலில் மணிக்கல் பட்டறைகள். படியூரில் கடல்நிறப் பச்சைக்கல். இவை பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறிக்குப் போயின. வியன்னாவில் இருக்கிற ஒரு பாப்பிரஸ் ஒப்பந்தத்தில் முசிறிச் சரக்கை ஏற்றிய கப்பலின் பெயர்கூட இருக்கிறது: ஹெர்மபொல்லோன். பெயர் இருக்கிறது, உருவம் இல்லை. இன்னொரு சம்பந்தம் நமக்குக் கிட்டத்தில். 1848இல் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியை வைத்து ஆனைமலைத் தேக்கை வெட்ட ஆரம்பித்தார்கள். பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கு மரம் வேண்டியிருந்தது. மலைச்சரிவில் மரத்தை உருட்டிவிட்ட இடத்துக்குத்தான் இன்றைக்கும் டாப்ஸ்லிப் என்று பெயர். பொள்ளாச்சிக்காரர்கள் யானை பார்க்கப் போகிற அந்த இடம் ஒரு கப்பல் பட்டறையின் கொல்லைப்புறம். கித்தானை எடுத்துக்கொள்ளுங்கள். பாய்மரத்தில் கட்டுகிற முரட்டுத் துணிக்கும், ஓவியன் சட்டத்தில் அடிக்கிற துணிக்கும் நமக்கு ஒரே வார்த்தை. வெனிஸ் நகரத்து ஓவியர்கள் ஈரச் சுவரை விட்டுத் துணிக்கு மாறியதற்கு அங்கே கப்பல் பாய் நெய்கிற தொழில் தழைத்திருந்ததும் ஒரு காரணம் என்பார்கள். 1888இல் ஸ்டேன்ஸ் முதல் மில்லைத் தொடங்கியதிலிருந்து துணிக்குக் கோயம்புத்தூரில் என்ன குறை? மரம், கல், துணி எல்லாம் இங்கிருந்து போயிற்று. போன பொருள் என்னவாக ஆயிற்று என்று பார்த்தவர் இல்லை.

பார்க்காதவர்களுக்கு நாடகக் கம்பெனிகள் காட்டின. பாய்ஸ் கம்பெனிகளின் திரைகளில் தர்பார், தெரு, காடு, கடல் என்று கணக்கு இருந்தது. பவளக்கொடி போட வேண்டுமானால் கடல் இல்லாமல் முடியாது. நவாப் ராஜமாணிக்கம் கம்பெனி தந்திரக் காட்சிகளுக்கே பேர் போனது. 1930களில் கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் வந்தபோது திரை எழுதியவர்களில் பலர் அங்கே செட்டுக்கும் பின்னணிக்கும் போனார்கள். கொங்கு நாட்டில் கடல் ஓவியம் என்று ஒரு மரபைச் சொன்னால் அது இவர்கள் கையில்தான் இருந்தது. சென்னை ஓவியப் பள்ளியைப் பற்றி எழுதுகிற நம் விமர்சகர்கள் இவர்களை ஒரு வரியில்கூடத் தொடுவதில்லை.

1960களின் கடைசியில் ராஜவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்படியொரு மாஸ்டரிடம் நான் போய்ச் சேர்ந்தேன். திரை எழுதி ஓய்ந்து, போர்டும் சினிமா பேனரும் எழுதிக்கொண்டிருந்தவர். திரைக்கு வஜ்ஜிரம் காய்ச்சிய தண்ணீரில் பொடிவர்ணம். பேனருக்கும் படத்துக்கும் டபுள் பாயில்ட் ஆளிவிதை எண்ணெய். மில் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, வஜ்ஜிரம் தடவிக் காய வைத்து, துத்தநாக வெள்ளையை இரண்டு கை கொடுக்க வேண்டும். பிறகு சுண்ணாம்புப் பொடியில் நூலைத் தோய்த்து, இரண்டு பக்கமும் பிடித்து ஒரு தெறி. அதுதான் அடிவானம். "கண்ணு, மட்டம் ஒரு நூல் சாஞ்சாலும் பாக்கறவனுக்குத் தலை சுத்திப்போடும்" என்பார். வானத்தை முதலில் முடிக்க வேண்டும். கடலின் நிறம் வானத்திடம் வாங்கிய கடன் என்பதால். அலைக்கு முதலில் அதன் நிழலை மட்டும் எழுத வேண்டும். கரும்பச்சையில் நிழல் சரியாக உட்கார்ந்துவிட்டால் அலை தானே எழுந்து நிற்கும். நுரை கடைசி. அலையின் உச்சியில் நீர் மெலிந்து வெளிச்சம் ஊடுருவுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே மட்டும், அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, எண்ணெயில் கரைத்த பச்சையைக் கண்ணாடி மாதிரி மெல்லிசாக ஓட்ட வேண்டும். எண்ணெய் வர்ணத்துக்கும் கடலுக்கும் உள்ள உறவு இந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஒளி ஒரு படலத்தினுள் புகுந்து அடியில் பட்டுத் திரும்பி வருவது கடலிலும் நடக்கிறது, ஆளிவிதை எண்ணெயிலும் நடக்கிறது. பொடிவர்ணத்தில் இது முடியாது.

கப்பலை எங்கிருந்து எடுத்தோம்? பட்டறையில் ஒரு பிஸ்கட் டின் மூடி இருந்தது. அதில் மூன்று பாய்மரக் கப்பல் ஒன்று சாய்ந்து போய்க்கொண்டிருக்கும். அதன்மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாக்கி எடுப்பது வழக்கம். கயிறுகள் எங்கே போகின்றன என்பது மூடியிலேயே சரியாகத் தெரியாது. தெரியாத இடத்தில் மாஸ்டர் ஒரு கொடியைப் பறக்கவிடுவார். ஒருநாள் அவரைக் கேட்டேன், "ஏனுங்க, நீங்க கடல் பாத்திருக்கறீங்களா?" என்று. "ராமேசுரம் போயிருக்கறனே, அப்பனுக்குத் திதி குடுக்க. மூணு முழுக்குப் போட்டுட்டு வந்தாச்சு. அங்க கடலையெல்லாம் ஆரு பாத்தா?" என்றார். அதில் அவருக்கு வெட்கமோ வருத்தமோ இல்லை. அவர் எழுதிய கடலுக்கும் ராமேஸ்வரத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். பின்னால் நான் டச்சு ஓவியங்களின் அச்சுப் பிரதிகளைப் புத்தகங்களில் பார்க்க நேர்ந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாழ்ந்த அடிவானம், அதன்மேல் குவிந்த சாம்பல் மேகம், குட்டையாகச் செங்குத்தாக எழும் அலை, மேகப் பிளவில் ஒரு சாய்ந்த வெளிச்சம்: எல்லாம் எங்கள் சந்தில் பார்த்தவை. ஒப்பணக்கார வீதிக் கடைகளில் நாங்கள் மாட்டிவிட்டு வந்தது வட கடல். வான் டி வெல்டெ 300 வருஷத்துக்கு முன் படகில் போய் எடுத்த கோடு, அச்சாகி, டின் மூடியாகி, கட்டம் கட்டமாகக் கோயம்புத்தூருக்கு வந்திருக்கிறது.

1972இல் வ.உ.சி. நூற்றாண்டு வந்தது. படத்துக்கு மேல் படமாக ஆர்டர். வ.உ.சி.க்கும் கோவைக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் தெரியும். 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை 25 ரூபாய்ப் பங்குகள் 40,000, மூலதனம் பத்து லட்சம் என்று தொடங்கியவர். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைப் பிரான்ஸிலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தவர். 1908இல் தண்டிக்கப்பட்டுக் கோவைச் சிறைக்கு வந்து 1910 வரை இருந்தார், மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுத்தார். அந்தச் செக்கு சிறையில் நினைவுச் சின்னமாயிற்று. கப்பல் முதலாளி என்று நமக்கு வாய்த்த ஒருவர் கொங்கு நாட்டுக்கு வந்தது கைதியாக. படத்தில் தலைப்பாகையோடு அவர் முன்னால் நிற்க வேண்டும், பின்னால் கப்பல். மாஸ்டர் அதே டின் மூடியைத்தான் எடுத்தார். பாய்களை நீக்கி இரண்டு புகைபோக்கி வைக்கச் சொன்னார், வைத்தேன். கப்பல் சாய்ந்தபடியே இருந்தது, காற்றுக்குச் சாய வேண்டிய அவசியம் நீராவிக் கப்பலுக்கு இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஆள் ஊரில் இல்லை. இதைத்தான் வாடிக்கையாளன் என்று மேலே சொன்னேன். வ.உ.சி.யின் கம்பெனி 20 வருஷம் ஓடியிருந்தால், பங்கு வாங்கிய வக்கீல்களும் வியாபாரிகளும் தங்கள் கப்பலைத் தாங்களே ஏறிப் பார்த்திருந்தால், தூத்துக்குடியில் கப்பல் எழுதுகிறவன் ஒருவனாவது முளைத்திருப்பான் என்று நான் நம்புகிறேன். 1911இல் கம்பெனி கலைந்தது.

வெள்ளைக்காரனிடம் கப்பல் இருந்தது, தமிழனிடம் இல்லை என்று இதை முடித்துவிடவும் முடியாது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். தமிழ் மாலுமிகளே அதை ஓட்டிப் போய் 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாகாணத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கயிறு தெரிந்த கைகள் நம்மிடம் நிறைய இருந்தன. திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்ளே குதிரைகளை ஏற்றி வரும் கப்பலை நாயக்கர் காலத்துச் சித்திரக்காரன் எழுதியிருக்கிறான். அந்தக் கப்பலில் இருக்கிற உயிர் எங்கள் டின் மூடிக் கப்பலில் இல்லை. அவனுக்குத் தாமிரபரணிக் கரையின் குதிரை வியாபாரம் தெரியும். கப்பலுக்கும் ஓவியனுக்கும் நடுவில் அப்போது அச்சுப் படம் இல்லை.

சென்னை ஓவியப் பள்ளி 1850இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. தொழிலுக்கு உதவும் சித்திரம், மண்பாண்டம், உலோகம் என்று போயிற்று. கடற்கரை அங்கிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர். 1930இல் தேவி பிரசாத் ராய் சௌதுரி முதல்வராக வந்த பிறகுதான் அது ஓவியப் பள்ளி ஆயிற்று எனலாம். அங்கே 1936இல், 25 வயதில், தந்தி இலாகா வேலையை அனுபவித்துவிட்டு வந்து சேர்ந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். பிறந்தது கோயம்புத்தூரில், 1911இல். ஊர்ப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை, அவர் மலபார்க்காரர், கோவையில் பிறந்தது ஒரு தற்செயல். நான் கவனிப்பது வேறு. இளம் வயதுப் பணிக்கர் எழுதியது தண்ணீரைத்தான். கேரளத்து நீர்நிலை, தென்னை, ஓடம். நீர்வர்ணத்தில், ஈரம் காயுமுன் எழுதிய வேகம். அந்தத் தண்ணீர் அவர் பார்த்த தண்ணீர். அதில் டச்சு மேகம் கிடையாது. 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கம், 1954இல் லண்டன் பயணம், 1957இல் பள்ளியின் முதல்வர், 1963 முதல் சொற்களும் குறியீடுகளும் வரிசை. ஜாதகக் கட்டங்களும், எந்த மொழியிலும் இல்லாத எழுத்துக்களும் கித்தானை நிறைத்தன.

1966இல் பணிக்கரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில், கடலோர மணலில், சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். பாத்திக் துணி செய்து விற்ற காசு அதற்கு உதவியது. பெயரைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய மாலுமிகளின் வாயில் கோரமண்டல் ஆகித் திரிந்த வார்த்தையை அவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். வாசலில் கடல். சுல்தான் அலி, ராமானுஜம், வாசுதேவ், ஹரிதாசன் என்று அங்கே எழுதியவர்களின் படங்களில் பாம்பு வந்தது, மரம் வந்தது, தேவதை வந்தது, யந்திரம் வந்தது. வாசலில் இருந்த கடல் கடற்காட்சியாக வந்ததாக நான் பார்த்தவற்றில் இல்லை. இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்று ஒரு நண்பர் கேலியாகச் சொல்வார். நான் அப்படி நினைக்கவில்லை. 1966இல் ஒரு தமிழ்நாட்டு ஓவியன் கடலை எதிரே வைத்து எழுத உட்கார்ந்தால் அவன் கை தானாகப் போயிருக்கக்கூடிய இடம் டின் மூடிதான். வேறு கடல் அவன் கைக்குப் பழக்கமில்லை. பணிக்கருக்கு இது தெரிந்திருந்தது என்றே எனக்குப் படுகிறது. தண்ணீரை நேரில் பார்த்து எழுதியவருக்கு, பார்க்காமல் எழுதிய தண்ணீர் எது என்று தெரியாமல் போகாது. அதே சமயம், இதை 'நிராகரிப்பு' என்ற பெரிய வார்த்தையால் அழைப்பது எனக்குச் சம்மதமில்லை. மீனவர்கள் காலையில் கட்டுமரம் தள்ளுகிற கரையில், அந்தக் கட்டுமரத்தின் கட்டு எப்படி என்று கேட்டு எழுதுகிற ஒரு வேலை மிச்சம் கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. அந்த வேலைக்குப் பாரிஸும் வேண்டாம், யந்திரமும் வேண்டாம்.

என் மாஸ்டர் 1980களில் இறந்தார். 2000ஐ ஒட்டி வினைல் பேனர் வந்து அந்தச் சந்தில் தூரிகை பிடித்தவர்களை எல்லாம் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டது.

கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் பேப்பூரில் உரு என்கிற மரக்கப்பலை இன்றும் கட்டுகிறார்கள். கோவையிலிருந்து ரயிலில் அரை நாள்கூட ஆகாது. ஆடி மாதம் கணவாய் வழியாக நம் முகத்தில் அடிக்கிற காற்று புறப்படுகிற பக்கம். அங்கே தாளில் வரைபடம் போடுவதில்லை. கப்பல் முழுவதும் மேஸ்திரியின் மனசில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் அரபிகள். சில வருஷம் முன்பு நான்கு நாள் அங்கே போய் உட்கார்ந்தேன். வர்ணம் எடுத்துப் போகவில்லை, ஒரு நோட்டும் பென்சிலும் மட்டும். வான் டி வெல்டெ தகப்பனின் பங்கைக்கூட முடிக்காதவன் மகனின் பங்குக்கு ஏன் அவசரப்பட வேண்டும்? உருவுக்கு அப்போது பக்கப் பலகை பாதிதான் ஏறியிருந்தது, விலாக்கள் வெளியே தெரிந்தன. மூன்றாம் நாள் மேஸ்திரி என் பின்னால் வந்து நின்றார். நோட்டை வாங்கி, விரலை வைத்து முன்னணியத்திலிருந்து விலாக்களை ஒவ்வொன்றாக எண்ணினார். கணக்குச் சரியாக இருந்தது. பிறகுதான் கையைத் தூர நீட்டிப் படத்தைப் பார்த்தார்.